வெள்ளை மோதியா, கறுப்பு மோதியா: காத்திருக்கச் சொன்ன ஒரு சொல்லின் வரலாறு

 

தில்லியில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருடைய தாயாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. குடியிருப்போர் அனைவருக்கும் அவர் ‘தாதி ஜி’. சில ஆண்டுகளுக்கு முன் கண் மருத்துவரிடம் சென்று திரும்பிய அன்று, என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, “மோதியா ஹை, பக்னே தோ” என்றார். மோதியா வந்திருக்கிறது, பழுக்கட்டும் என்பது பொருள். நோயைக் கனியாகக் காணும் அந்த உருவகம் எனக்குப் பிடித்திருந்தது. அன்றிரவே ஆய்வுக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவைத்தேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஓராண்டுக்குப் பின் அவருடைய மருத்துவச் சீட்டைப் படித்துச் சொல்லும்படி வீட்டார் கேட்டபோதுதான், அதில் எழுதியிருந்தது கண்புரை அன்று, கிளாக்கோமா என்று தெரிந்தது. மருத்துவர் தவறாக எதுவும் சொல்லவில்லை. ‘காலா மோதியா’ என்று இந்தியில் வழங்கும் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார். வீட்டார் செவியில் ‘மோதியா’ தங்கியது. ‘காலா’ வெறும் அடைமொழியாக உதிர்ந்துவிட்டது. முதல் புட்டிச் சொட்டு மருந்து தீர்ந்ததும் மறு புட்டி வாங்கவில்லை. பழுத்தபின் ஏதேனும் ஒரு குளிர்காலத்தில் எடுத்துவிடலாம் என்று காத்திருந்தார்கள். காத்திருந்த காலத்தில் இடக்கண்ணின் பார்வைப் பரப்பில் பெரும்பகுதி போய்விட்டது. போனது திரும்பாது.

நான் மருத்துவம் பயின்றவன் அல்லன், சொற்களைப் பயின்றவன். ‘பழுக்கட்டும்’ என்ற கருத்து கண்நோய்க்குள் எப்போது, ஏன் நுழைந்தது, அது பொருளற்றுப்போன பின்னும் ஏன் வெளியேறவில்லை, தொடர்பே இல்லாத வேறொரு நோயின்மேல் எவ்வாறு படர்ந்தது என்பவற்றைத் தேடியதன் பயனே இப்பதிவு.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். இந்தியில் கண்புரைக்கு ‘மோதியாபிந்த்’ என்று பெயர். மோதி என்றால் முத்து, பிந்து என்றால் துளி. பேச்சில் ‘மோதியா’ என்று சுருங்கும். (ஒரு வகை மல்லிகைக்கும் இதே பெயர் உண்டு.) மராத்தியில் ‘மோதிபிந்து’. வங்காளியில் ‘சானி’. தெலுங்கில் ‘சுக்லம்’, அதாவது வெண்மை. கன்னடத்தில் ‘பொரெ’, தமிழில் ‘புரை’. இரண்டும் ஒரு வேரினவாகத் தோன்றுகின்றன. மலையாளத்தில் ‘திமிரம்’, இருள் என்று பொருள்படும் வடசொல்.

இப்பட்டியலில் ஒன்று கவனிக்கத்தக்கது. மலையாளச் சொல் ஒன்றைத் தவிர ஏனையவை நோயாளி உணர்வதைப் பெயராக்கவில்லை. எதிரில் நிற்பவர் காண்பதைப் பெயராக்கின. கருவிழியின் நடுவே முத்துப்போல் வெளுத்துத் தெரிவது பிறர் கண்ணுக்குத்தான். நோயுற்றவர் முத்தைக் காண்பதில்லை, மங்கலைத்தான் காண்கிறார். ஆக, பிறர் பார்த்துச் சொல்லும் அளவுக்கு வெளுத்த பின்னரே இந்நோய்க்குப் பெயர் கிடைக்கிறது. பெயர் பிறக்கும்போதே நோய் முதிர்ந்திருக்கிறது.

இது இந்தியாவுக்கே உரிய இயல்பன்று. அரபு மருத்துவர்கள் கண்புரையை ‘நுஸூல் அல்-மா’, அதாவது நீர் இறங்குதல் என்றனர். மேலிருந்து ஒரு நீர் கண்ணுக்குள் இறங்கி, பாவைக்குப் பின்னே உறைந்து பார்வையை மறைக்கிறது என்பது கிரேக்கர் வழிவந்த விளக்கம். அரபு நூல்கள் லத்தீனுக்குப் பெயர்ந்த 11ஆம் நூற்றாண்டை ஒட்டி, அந்த ‘இறங்கும் நீர்’ அருவியைக் குறிக்கும் ‘கேட்டராக்டா’ என்ற சொல்லாயிற்று. இன்று நாம் சொல்லும் ‘கேட்டராக்ட்’ அதுதான். பாரசீகத்தில் அது ‘ஆப்-எ மர்வாரீத்’, முத்து நீர். கிளாக்கோமாவுக்குப் பாரசீகம் வைத்த பெயர் ‘ஆப்-எ சியாஹ்’, கறுப்பு நீர். முத்தும் கறுப்பும் இந்தி, உருது, பஞ்சாபிப் பேச்சில் ஒன்றுகூடியதற்குப் பாரசீக மருத்துவச் சொல்வழக்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று கருதுகிறேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்ததற்குச் சான்று காட்ட என்னால் இயலாது. ஆயினும் அமைப்பு ஒத்திருக்கிறது. ஜெர்மன் மொழியும் இப்படியே செய்தது. ‘ஷ்டார்’ என்ற ஒரே சொல்லின் முன் நிறத்தைச் சேர்த்துச் சாம்பல் ஷ்டார் என்றால் கண்புரை, பச்சை ஷ்டார் என்றால் கிளாக்கோமா, கறுப்பு ஷ்டார் என்றால் கண்ணில் ஒரு மாற்றமும் தெரியாமலே வரும் குருடு என்று பிரித்தது. ‘கிளாக்கோமா’ என்ற கிரேக்கச் சொல்லே பழைய நூல்களில் இன்றைய பொருளில் வரவில்லை. நீலமும் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நிறத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்து, கண்புரையையும் உள்ளடக்கிய பரந்த பொருளில் அது நெடுங்காலம் வழங்கியது.

இரண்டு நோய்களும் ஏன் இவ்வாறு ஒரே பெயருக்குள் அடைபட்டன? விடை எளியது. கண்புரை வெளியே தெரியும், மற்றொன்று தெரியாது. கிளாக்கோமாவில் பெரும்பாலும் கண்ணுள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு சிறிது சிறிதாக அழிகிறது. அந்த நரம்பின் முகப்பை உயிருள்ள மனிதரின் கண்ணில் நேராகக் காணும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851ஆம் ஆண்டில்தான் அமைத்தார். அதற்கு முன் உலகில் எந்த மருத்துவருக்கும் அது புலப்படவில்லை. காணப்படாத நோய்க்குத் தனிப்பெயர் அமைவது அரிது. காணப்பட்ட நோயின் பெயரே கடனாகச் சென்றது.

இனிப் பழுத்தலுக்கு வருவோம்.

வாக்படரின் அஷ்டாங்கஹிருதயத்தில் உத்தரஸ்தானம் என்னும் பகுதி கண்நோய்களை விரிவாகப் பேசுகிறது. அதில் அடுத்தடுத்து வரும் இரண்டு அத்தியாயங்களின் தொடக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 13ஆம் அத்தியாயம் திமிரத்தின் சிகிச்சை. திமிரம் கவனியாது விடப்பட்டால் காசமாகும், காசம் கவனியாது விடப்பட்டால் குருடாகும், ஆகவே திமிரத்தை விரைந்து தீர்க்க வேண்டும் என்பது அதன் தொடக்கக் கருத்து. அங்கு ஆளப்படும் சொல் ‘உபேக்ஷை’, புறக்கணிப்பு. 14ஆம் அத்தியாயம் லிங்கநாசத்தின் சிகிச்சை. பார்வை அற்றுப்போன, நன்கு உருவான, கபத்தால் விளைந்த லிங்கநாசத்தைத்தான் சலாகையால் குத்த வேண்டும் என்று அது தொடங்குகிறது. இங்கு ஆளப்படும் சொல் ‘சுஜாதம்’, நன்கு உருவானது.

அதாவது, புறக்கணிக்காதே என்பதும் உருவாகும் வரை கத்தி வைக்காதே என்பதும் ஒரே நூலின் அடுத்தடுத்த ஏடுகளில் இருந்தன. முதலாவது நோயின் தொடக்கத்துக்கு, இரண்டாவது அறுவைக்கு. காலப்போக்கில் மக்கள் வழக்கில் எஞ்சியது இரண்டாவது மட்டுமே. ‘பக்னா’ நிலைத்தது, ‘உபேக்ஷை’ ஏட்டோடு நின்றது. சரக சம்ஹிதையின் அன்றாட ஒழுக்கப் பகுதி, நாள்தோறும் சௌவீராஞ்சனம் இடவும், ஐந்து அல்லது எட்டு இரவுகளுக்கு ஒருமுறை ரசாஞ்சனம் இட்டுக் கண்ணின் கசிவை வெளியேற்றவும் சொல்கிறது. அந்த மருந்துகளின் பயனைப் பற்றி நான் பேசவில்லை. நோய் இல்லாதபோதும் கண்ணைக் கவனிக்கக் கால முறை ஒன்று வகுக்கப்பட்டிருந்தது என்பதே இங்கு முக்கியம். அதிலும் பிற்காலத்தில் எஞ்சியது காஜலும் சுர்மாவும்தான். சுர்மாவில் ஈயச் சேர்மம் இருப்பதுண்டு என்பதால் இன்று அதையும் பரிந்துரைக்க வழியில்லை.

‘சுஜாதம்’ என்ற நிபந்தனைக்குச் செய்முறைக் காரணம் இருந்தது. சுஸ்ருத சம்ஹிதையின் உத்தரதந்திரம் 17ஆம் அத்தியாயத்தில் இவ்வறுவை விளக்கப்படுகிறது. நோயாளி தன் மூக்கை நோக்கி அமர, வலக்கண்ணை இடக்கையாலும் இடக்கண்ணை வலக்கையாலும் குத்த வேண்டும். முடிந்தபின் நெய்யில் தோய்த்த துணியால் கட்டி மல்லாந்து படுக்கவைக்க வேண்டும். தும்மல், இருமல், ஏப்பம் கூடாது. இதில் நடப்பது லென்ஸை வெளியே எடுப்பதா, உள்ளேயே தள்ளிவிடுவதா என்று அறிஞரிடையே விவாதம் உண்டு. தள்ளிவிடுதல் என்பதே பெரும்பான்மைக் கருத்து. மருத்துவ வரலாற்றில் இதற்குக் கௌச்சிங் என்று பெயர். மென்மையான லென்ஸ் ஊசி பட்டால் உடைந்து சிதறும். இறுகிய லென்ஸ்தான் ஒரே துண்டாகத் தாழும். உரோம எழுத்தாளர் செல்சஸும் முதல் நூற்றாண்டில் இதையேதான் சொன்னார்: நீர் இறுகிக் கெட்டியாகும் வரை காத்திரு. தொலைவான இரண்டு மரபுகள் ஒரே முடிவுக்கு வந்ததற்குக் காரணம் தத்துவமன்று, ஊசி.

இக்கலை வட இந்தியாவில் நாடோடிக் கைவினைஞரிடம் நெடுங்காலம் இருந்தது. ‘ராவல்’, ‘சதியா’ என்றெல்லாம் அவர்கள் அழைக்கப்பட்டனர். இந்தி அகராதிகளில் ‘சதியா’ என்ற சொல் இன்றும் கிடக்கிறது. ஊருக்கு வருவார்கள், திண்ணையில் உட்காரவைத்துக் குத்துவார்கள், லென்ஸ் தாழ்ந்த கணமே நோயாளி விரல்களை எண்ணிக் காட்டுவார். கூலி பெற்று அடுத்த ஊர் போய்விடுவார்கள். பல கண்கள் அதன்பின் அழற்சியாலும் அழுத்தத்தாலும் கெட்டன. கெடும்போது குத்தியவர் ஊரில் இல்லை.

இதை விரிவாக ஆராய்ந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். 1819இல் தொடங்கப்பட்ட சென்னை அரசுக் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தவர். இந்தியக் கௌச்சிங் பற்றி 1917ஆம் ஆண்டு லண்டனில் உரையாற்றிப் பின் நூலாக்கினார். சென்னையில் பணியாற்றிய காலத்தில் கிளாக்கோமாவுக்கு அவர் வகுத்த துளையிடும் அறுவையும் உலகெங்கும் அவர் பெயரால் வழங்கியது. இருநோய்களின் வரலாறும் ஒரே மனிதரிடம் சந்திக்கும் இடம் இது. (ஓய்வுக்குப்பின் இந்தியக் கயிற்று வித்தை உண்மையா என்று துப்பறியும் குழுவுக்கும் அவர் தலைவராக இருந்தார். நாடோடிகளின் கைத்திறன் மீது அவருக்குத் தீராத ஐயம் இருந்தது போலும்.) அவருடைய நூலைப் படிக்கையில் ஓர் எச்சரிக்கை தேவை. மருத்துவமனைக்கு வந்தவை கெட்டுப்போன கண்களே, கெடாதவை வரவில்லை. ஏகாதிபத்திய மருத்துவர் ஒருவர் உள்ளூர்க் கைவினையை எடைபோடும் தொனியும் அதில் உண்டு. ஆயினும் அவர் விவரிக்கும் சேதம் பொய்யன்று.

ஐரோப்பாவில் 1705ஆம் ஆண்டு பிரிசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இறந்தவர் கண்ணை அறுத்துப் பார்த்து, புரை என்பது இறங்கிய நீரன்று, மங்கிய லென்ஸே என்று காட்டினார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் டாவியேல் அதை வெளியே எடுக்கும் அறுவையைத் தொடங்கினார். கொள்கை முற்றிலும் மாறியது, ‘பழுத்தல்’ மாறவில்லை. லென்ஸின் உறையைக் கிழித்து உள்ளிருப்பதை எடுக்கும் அம்முறையில், முதிராத லென்ஸின் பசைபோன்ற பகுதி உள்ளே ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். முதிர்ந்ததாயின் சுத்தமாக வந்துவிடும். பழைய சொல்லுக்குப் புதிய காரணம் கிடைத்தது.

அக்காரணத்தை உடைத்தது பஞ்சாப். ஜலந்தரில் சிவில் சர்ஜனாக இருந்த ஹென்றி ஸ்மித் லென்ஸை உறையோடு சேர்த்து முழுதாக வெளியே எடுக்கும் முறையில் ஆயிரக்கணக்கான அறுவைகளைச் செய்தார். அவர் கைவேகத்தைக் காண அமெரிக்காவிலிருந்து மருத்துவர்கள் ஜலந்தருக்கு வந்தனர். 1910இல் அவருடைய நூல் வெளியானது. உறையோடு எடுத்தால் உள்ளே ஒட்டிக்கொள்ள ஒன்றும் எஞ்சாது. ஆகவே பழுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ‘பக்னே தோ’ என்பதற்கு இருந்த மருத்துவக் காரணம் கொள்கையளவில் நூறாண்டுக்கு முன்பே, அத்தொடர் மிகுதியாக வழங்கும் அதே பஞ்சாபில் முடிந்துவிட்டது.

ஆயினும் நடைமுறையில் முடியவில்லை. லென்ஸை எடுத்துவிட்டால் அதன் வேலையைச் செய்யக் கனத்த கண்ணாடி வேண்டும். சோடா புட்டிக் கண்ணாடி என்று நாம் சொல்வோமே, அது. அதன் வழியே உலகம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும், ஓரங்கள் வளையும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்தவருக்கு இரு கண்களின் பிம்பமும் ஒன்றுசேராது. ஓரளவு பார்வையுள்ள ஒருவரை இந்த நிலைக்குத் தள்ளுவதைவிட, இரண்டு கண்ணும் நன்றாக மங்கும் வரை பொறுத்திருக்கச் சொல்வது அன்றைய மருத்துவருக்கு நியாயமாகவே பட்டது. இப்படி மூன்றாவது காரணமும் வந்து அமர்ந்தது. ஊசி, உறை, கண்ணாடி: காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின, ‘பழுக்கட்டும்’ என்ற அறிவுரை மட்டும் ஒவ்வொரு முறையும் பிழைத்துக்கொண்டது.

நான்காவது காரணம் நாட்காட்டி. மோகா நகரின் டாக்டர் மத்ரா தாஸ் போன்றோர் பஞ்சாபில் பெருந்திரள் அறுவை முகாம்களை நடத்தினர். கர்நாடகத்தில் டாக்டர் எம். சி. மோதி ஊர் ஊராகச் சென்று அறுவை செய்தார். மேற்கு மாநிலங்களில் இவற்றுக்கு ‘நேத்ர யக்ஞம்’ என்றே பெயர். பள்ளிக்கூடங்களும் தருமசாலைகளும் சில நாட்களுக்கு மருத்துவமனைகளாயின. மருத்துவமனையையே காணாத லட்சக்கணக்கானோர் இவற்றால் பார்வை பெற்றனர். அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகேடு. ஆனால் முகாம் ஆண்டுக்கொருமுறை, பெரும்பாலும் குளிரில் வரும். விளைந்ததை அறுக்க வருவது போன்ற அந்த வருகைக்கு ஏற்பக் கண்ணும் விளைந்திருக்க வேண்டியதாயிற்று. தாதி ஜி குளிர்காலம் வரட்டும் என்றதில் அந்த முகாம்களின் நினைவு இருக்கிறது.

அரசின் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976இல் தொடங்கியது. 1971–74 ஆய்வில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.4 விழுக்காட்டினர் பார்வையற்றவராகக் கணக்கிடப்பட்டிருந்தனர். பெருங்காரணம் கண்புரை. ஆகவே ஆண்டுக்கு எத்தனை கண்புரை அறுவை என்பதே திட்டத்தின் அளவுகோலாயிற்று. 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டம், முகாம் அறுவையிலிருந்து நிலையான மருத்துவமனைகளுக்கும், கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்துவதற்கும் நாட்டைத் திருப்பியது. மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப் அந்த லென்ஸை ஏழைக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. உள்லென்ஸ் வந்தபின் சோடா புட்டிக் கண்ணாடி ஒழிந்தது. அத்துடன் காத்திருப்பதற்கு இருந்த கடைசி மருத்துவக் காரணமும் ஒழிந்தது.

இன்று நிலைமை தலைகீழ். முற்றிய புரை கடினமானது. அதை எடுப்பதில்தான் சிக்கல் மிகுதி. மிக முற்றினால் லென்ஸ் ஊதிப் பெருத்தோ, அதன் புரதம் கசிந்தோ கண்ணுள் அழுத்தத்தை ஏற்றிவிடும். பார்வை நரம்பு கருகும். அப்போது வெள்ளை மோதியா உண்மையாகவே கறுப்பு மோதியாவாகிவிடுகிறது. முத்து கறுத்துப்போயிற்று என்று சொல்லும் கிராமத்து முதியவர் முற்றிலும் மூடநம்பிக்கை பேசவில்லை. ஆனால் எல்லாக் கறுப்பு மோதியாவும் வெள்ளையிலிருந்து வருவதில்லை. பெரும்பாலானவை தனியே, சத்தமின்றி வருபவை.

அங்கேதான் சொல் மோசம் செய்கிறது. ‘மோதியா’ என்ற பெயர்ச்சொல் மூன்று எதிர்பார்ப்புகளைச் சுமந்து வருகிறது: அது வளரும், வளர்ந்தபின் எடுக்கலாம், எடுத்தபின் தெரியும். கிளாக்கோமாவுக்கு முதலாவது மட்டுமே பொருந்தும். அதில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. மருந்தும் லேசரும் அறுவையும் இருப்பதைக் காப்பவை. இழந்ததை மீட்பவை அல்ல. அழிவு ஓரங்களிலிருந்து தொடங்குவதால் நடுப்பார்வை நெடுங்காலம் தெளிவாகவே இருக்கும். கிளாக்கோமா முற்றியவரும் கண்ணாடிக் கடைப் பலகையின் கடைசி வரியை வாசித்துவிடக்கூடும். தில்லியில் கண் பரிசோதனைக்கு மக்கள் வழங்கும் சொல் ‘நம்பர் செக்’. தமிழில் ‘பவர் பார்ப்பது’. இரண்டும் கண்ணாடியை அளப்பவை, நரம்பை அல்ல. நோய்க்குறி எதுவும் இல்லாதபோது, கண்ணுள் அழுத்தத்தை அளந்து, சொட்டு மருந்தால் பாவையை விரித்து, நரம்பையும் விழித்திரையையும் பார்த்துவரும் அந்தச் செயலுக்குப் பேச்சு வழக்கில் பெயர் இல்லை. பெயர் இல்லாததைச் செய்யச் சொல்லிக் கேட்பது கடினம்.

இங்கு என் வாதத்தை நானே சற்று மறிக்க வேண்டும். சொல்லே சிந்தனையைச் சிறைப்படுத்துகிறது என்ற மொழியியல் கோட்பாட்டின் கடும் வடிவத்தை நான் ஏற்பவன் அல்லன். பெயர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் பெயர் வேறாக உள்ள மொழிகளில் நிலைமை நன்றாக இருந்திருக்க வேண்டும். குஜராத்தியில் கிளாக்கோமாவுக்கு ‘ஜாமர்’ என்று தனிச்சொல் உண்டு. தெலுங்கில் ‘நீட்டி காசுலு’. மராத்தியில் ‘காச்பிந்து’, வாக்படரின் காசம் அங்கே வேறு நோயின் பெயராக உயிர் வாழ்கிறது. தமிழில் ‘கண் அழுத்த நோய்’ என்று காரணத்தையே பெயராக்கியிருக்கிறோம். ஆயினும் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் மக்களிடையே நேரடியாக நடத்திய ஆய்வுகளில், கிளாக்கோமா உள்ளவரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாமல் இருந்தனர். நல்ல பெயர் காப்பாற்றவில்லை. ‘எனக்குத்தான் பிரஷர் இல்லையே’ என்று இரத்த அழுத்தத்தோடு அதைக் குழப்பிக்கொண்டவர்களை நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன். தொலைவு, செலவு, உடன் வர ஆளின்மை, பெண்களின் கண்ணுக்கு வீட்டில் கொடுக்கப்படும் கடைசி இடம் ஆகியவை சொற்களைவிட வலியவை. எனினும் கண்புரை அறுவைக்கு ஏன் வரவில்லை என்று கேட்கும் கள ஆய்வுகளில், ‘முதிரட்டும் என்று காத்திருக்கிறேன்’ என்ற விடையும் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. சொல்லின் பங்கு சிறியதாக இருக்கலாம். ஆனால் இல்லாதது அன்று.

நோய் போனால் சொல்லும் போகும் என்பதற்கும் பஞ்சாபே சான்று. டிரக்கோமா என்னும் இமைநோய்க்குப் பஞ்சாபியில் ‘குக்ரே’, இந்தியில் ‘ரோஹே’. 1963இல் அதற்கெனத் தேசியத் திட்டமே தொடங்கும் அளவுக்குப் பரவியிருந்த நோய் அது. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து இந்தியா அதை நீக்கிவிட்டதாக 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. என் வயதுப் பஞ்சாபி நண்பர்களிடம் ‘குக்ரே’ என்றேன்; பாட்டிகள் சொல்லக் கேட்டதுண்டு என்றார் ஒருவர், மற்றவர்களுக்குத் தெரியவில்லை. மோதியா அப்படிப் போகாது. அது முதுமையின் நோய், நாமோ முதுமையடைந்துவரும் நாடு. 2015–19 தேசிய ஆய்வில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காடு இன்னும் கண்புரையால்தான். ஒட்டுமொத்தப் பார்வையிழப்பு 0.36 விழுக்காடாகக் குறைந்தது என்று அந்த ஆய்வைக் காட்டுவோர், இடையில் ‘பார்வையற்றவர்’ என்பதன் வரையறையும் 6/60இலிருந்து 3/60ஆக மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாற்பது வயதைக் கடந்தவர்கள் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுதோறும், பாவையை விரித்துப் பார்க்கும் முழுப் பரிசோதனைக்குச் செல்வது நல்லது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ கிளாக்கோமா இருந்தால் இன்னும் முன்பே தொடங்க வேண்டும். கண் சிவந்தால் மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் இடுவதும் கண்ணுள் அழுத்தத்தை ஏற்றும். முதியோர் வீட்டில் இருப்பின், மருத்துவர் சொன்ன பெயரின் இரண்டு சொற்களையும் கேட்டுவாருங்கள்.

களப்பணிக்குச் செல்லும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வுப் பகுதியில் இவ்விரு நோய்களுக்கும் வழங்கும் பெயர்களையும், ‘பழுத்தல்’, ‘முற்றுதல்’, ‘விளைதல்’ போன்ற வினைகளில் எவை அவற்றோடு சேர்கின்றன என்பதையும் குறித்து அனுப்பினால் நன்றியுடையவனாவேன். சந்தாலி, கோண்டி, போடோ மொழிகளிலிருந்து என்னிடம் ஒன்றுமே இல்லை. குறித்துக்கொண்ட பின், சொன்னவரிடம் மருத்துவர் என்ன எழுதிக்கொடுத்தார் என்றும் கேட்டுவிடுங்கள். நான் கேட்கத் தவறியது அது.

தாதி ஜி இப்போது நாள் தவறாமல் சொட்டு மருந்து இட்டுக்கொள்கிறார். வலக்கண் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அவருடைய மகன்கள் இருவரும் ஐம்பதை நெருங்குகிறவர்கள். மூத்தவர் சென்ற மாதம் முழுப் பரிசோதனை செய்துகொண்டார். இளையவர் இன்னும் போகவில்லை. கண்ணாடிக் கடையில் நம்பர் பார்த்தாயிற்று, மாறவில்லை என்கிறார்.